மாரியில் உப்பும் மேற்பலகை

வெளிநாட்டிலிருந்து வரும் கிற்றார்ப் பெட்டிக்குள் சிலவேளை பஞ்சு திணித்த சிறிய இறப்பர்க் குழாயொன்றும் கிடக்கும். நீரில் நனைத்து ஒலித்துளைக்குள் தொங்கவிட வேண்டியது அது. கனடாவின் பனிக்காலத்துக்கு அது நல்ல மருந்துதான். சூடேற்றிய வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதன் 20 சதவீதத்துக்கு இறங்கினால் பலகை சுருங்கி வெடிக்கும். அதே குழாயை வேலணைத் தீவில் கார்த்திகை மழைக்குள் நனைத்துத் தொங்கவிடுபவர், வியாதியைக் காசு கொடுக்காமலே வாங்குகிறார்.

தீவைச் சுற்றிவரக் கடல். வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டித் தீர்க்கிறது. நல்ல கிற்றார்கள் 45 முதல் 50 சதவீத ஈரப்பதனுள்ள அறைகளில் ஒட்டப்படுகின்றன. எங்கள் மாரிக் காற்று கிழமைக் கணக்கில் அந்த அளவுக்கு இறங்குவதேயில்லை. மழை தொடங்கியதும் வீட்டுக் கதவு நிலையில் இறுகுகிறதே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. கதவென்றால் ஓடாவி ஒரு சீவுச் சீவிவிடுவார். கிற்றாரின் மேற்பலகையோ மூன்று மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாதது.

ஸ்புறூஸ் மரம் நார் ஓடும் திசையில் அநேகமாக நீளாது, குறுக்கேதான் அகலும். காற்றின் ஈரப்பதன் 50இலிருந்து 80 சதவீதத்துக்கு ஏறினால் மரத்துக்குள் உள்ள ஈரம் ஏறத்தாழ 9இலிருந்து 15 சதவீதமாகும். 40 சென்ரிமீற்றர் அகலமான பலகை, தடுப்பாரில்லாவிட்டால், மூன்றரை மில்லிமீற்றர் விரியும். ஆனால் அதைச் சுற்றிவர விலாப்பலகை பிடித்திருக்கிறது. அடியில் தாங்குசட்டங்கள் நாருக்குக் குறுக்காக ஒட்டப்பட்டிருக்கின்றன. அவை தம் நீளத்தில் விரியமாட்டா. பக்கவாட்டில் போக இடமில்லாத பலகை மேல்நோக்கி உப்புகிறது.

இதற்கு மேல் கம்பிகளின் இழுவை. 12ஆம் இலக்க உருக்குக் கம்பித் தொகுதி சுருதி சேர்த்த நிலையில் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். இந்தப் பாரத்தைத் தாங்குவது பெருக்கற் குறிபோல் வைத்த சட்டங்கள்; அந்த முறை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், உருக்குக் கம்பி வழக்கத்துக்கு வருமுன்பே, அமெரிக்காவின் மார்ட்டின் பட்டறையில் நிலைபெற்றது. நைலோன் கம்பிக்கெனச் செய்த கிற்றார் ஏறத்தாழ 40 கிலோவுக்கே ஆனது. சத்தம் கூடட்டும் என்று அதில் உருக்குக் கம்பி பூட்டுவது தெரிந்தே செய்யும் கொலை.

உப்பியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நேரான அடிமட்டம் போதும். பிறிட்ஜுக்குப் பின்னால் பலகைக்குக் குறுக்கே வையுங்கள். நடு முட்டி, இரு கரையிலும் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தால் பயப்பட வேண்டாம்; பல கிற்றார்களைச் செய்யும்போதே இலேசான வளைவு கொடுத்துத்தான் செய்கிறார்கள். பிறிட்ஜுக்குப் பின்னால் மேடு, முன்னால் ஒலித்துளைப் பக்கம் பள்ளம் என்றால்தான் கவனிக்க வேண்டும்: பிறிட்ஜ் முன்னே சாய்கிறது. அதன் பின்விளிம்புக்குள் கடதாசி நுழைந்தால் ஒட்டு விடத் தொடங்கிவிட்டது. விரல் மூட்டால் பலகையைத் தட்டுங்கள். எங்காவது சிலும்பினால் உள்ளே சட்டம் கழன்றிருக்கலாம். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்துவிடலாம்.

கம்பி உயர்ந்துவிட்டது என்றவுடன் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக்கோலை முறுக்க ஓடுகிறார்கள். முதலாம், 14ஆம் பிறெட்டுகளில் தடித்த கம்பியை அழுத்தி நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் கழுத்து வளைந்திருக்கிறது. இடைவெளி குறைவு, ஆனாலும் கம்பி உயரம் என்றால் அந்தக் கோலில் கை வைக்காதீர்கள். உப்பிய பலகையை அது இறக்காது.

மலிவான ஈரப்பதன்மானி ஒன்று வாங்கலாம். அது உண்மை சொல்கிறதா என்பதை அடுக்களை உப்பே காட்டிவிடும். போத்தல் மூடியில் தூளுப்பை இட்டு, கரையாமல் ஈரமாகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கழியுங்கள். கல்லுப்பு வேண்டாம், அதிலுள்ள மக்னீசிய உப்புகள் கணக்கைக் குழப்பும். கடற்காற்றில் வந்து கம்பியில் படியும் உப்பும் இப்படித்தான் ஈரத்தை இழுத்துத் துருவாக்குகிறது. ஆகவே வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது வீண்வேலை அல்ல.

மாரிக்கு முன்பே கிற்றாரைச் சுவரிலிருந்து இறக்கி, இறுக மூடும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிடுங்கள். மணிகள் நிறம் மாறினால் 120 பாகையில் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம். துணிப்பைக்குள் போட்டுப் பயனில்லை. 10ஆம் இலக்கக் கம்பிக்கு மாறினால் பத்துக் கிலோவுக்கு மேல் பாரம் இறங்கும். சோளகம் வீசும் மாதங்களில் ஜெல்லை எடுத்துவிட்டு மானியைப் பார்த்துக்கொண்டால் போதும். தகரக் கூரையின் கீழும் வெயிலில் நிற்கும் வானுக்குள்ளும் மட்டும் வைக்காதீர்கள்; 60 பாகையைத் தாண்டினால் பிறிட்ஜை ஒட்டிய பசை இளகி, கம்பிகளே அதைப் பிடுங்கி எடுத்துவிடும்.