மலையேறும் ஜீப்பும் அச்சுப் பற்சக்கரமும்

மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கேரளம் செல்வதற்கு நம் மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் வழிகள் பல. அவற்றுள் இரண்டை இங்கு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று, கோயமுத்தூரிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காடு செல்வது. மலைத்தொடர் அங்கே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்திற்கு விலகி நின்று வழி விடுகிறது. மற்றொன்று, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி இடுக்கி மாவட்டத்திற்குள் நுழைவது. அங்கே பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஏலத் தோட்டங்களுக்குப் பணி செய்யச் செல்லும் தேனி மாவட்டத்து மக்களை நாள்தோறும் சுமந்து செல்பவை பெரும்பாலும் ஜீப்புகளே.

ஒரே வண்டி, ஒரே இஞ்சின், ஒரே பாரம். எனினும் வாளையாற்றில் துள்ளி ஓடும் வண்டி போடிமெட்டில் திணறுவது ஏன்? பத்து மீட்டர் தூரத்திற்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் இரண்டு டன் எடையை ஏற்றுவதற்கு, உராய்வை நீக்கிப் பார்த்தாலும், ஏறக்குறைய இருநூறு கிலோ எடைக்குச் சமமான இழுவிசை தேவை. சமதளத் தார்ச்சாலையில் அதே எடையை மெல்ல நகர்த்துவதற்கு நாற்பது கிலோவே போதும். இந்த வேறுபாட்டை ஈடு செய்வதில் பின்னச்சுக்குள் இருக்கும் இரு பற்சக்கரங்களுக்குப் பெரும் பங்குண்டு.

பட்டறைகளில் இவற்றைக் கிரவுன் வீல் என்றும் பினியன் என்றும் வழங்குவர். கியர்ப் பெட்டியிலிருந்து வரும் சுழல்தண்டின் முனையில் இருப்பது சிறிய பினியன். சக்கரங்களைச் சுழற்றும் அச்சோடு இணைந்திருப்பது பெரிய கிரவுன் வீல். பினியனில் 8 பற்களும் கிரவுன் வீலில் 39 பற்களும் இருப்பின், சக்கரம் ஒரு முறை சுழலச் சுழல்தண்டு ஏறக்குறைய 4.88 முறை சுழல வேண்டும். கிரவுன் வீலில் 43 பற்கள் இருப்பின் அது 5.38 முறை ஆகும். இதனையே அச்சு விகிதம் என்கிறோம்.

இவ்விரண்டு எண்களும் ஜீப்பின் வரலாற்றோடு தொடர்புடையவை. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ் நிறுவனம் செய்தளித்த இராணுவ ஜீப்பின் விகிதம் 4.88. போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், உழவுக்கும் பாரம் இழுப்பதற்கும் ஏற்றதாக அந்நிறுவனம் குடிமக்களுக்கென வெளியிட்ட ஜீப்பில் விகிதம் 5.38 ஆக உயர்த்தப்பட்டது. 1940களின் இறுதியில் மகேந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டத் தொடங்கியவையும் வில்லிஸ் ஜீப்புகளே.

4.88-ஐ 5.38 ஆக்கினால் சக்கரத்திற்குக் கிட்டும் முறுக்குவிசை ஒவ்வொரு கியரிலும் ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடுகிறது. ஆனால் இஞ்சினின் ஆற்றல் சிறிதும் கூடுவதில்லை. நீண்ட கடப்பாரையால் பாறையை நெம்புபவனுக்குப் பளு குறைகிறது. ஆனால் அவன் கை கூடுதல் தூரம் செல்ல வேண்டியிருக்கிறது. இங்கும் அதுவே விதி. சக்கரம் ஒரு சுற்றில் 2.2 மீட்டர் செல்லுமாயின், நேர் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது முன்பு நிமிடத்திற்குச் சுமார் 2,200 முறை சுழன்ற இஞ்சின், இப்போது சுமார் 2,450 முறை சுழலும். இரைச்சலும் எரிபொருட் செலவும் சமவெளியில் மிகுவது இதனால்தான். ஆகவே நாள் முழுவதும் பாலக்காட்டுச் சாலையில் ஓடும் வண்டிக்குக் குறைந்த விகிதமும், போடிமெட்டில் இழுவண்டி பூட்டி ஏறும் வண்டிக்கு உயர்ந்த விகிதமும் பொருந்தும்.

விகிதம் போதாத வண்டியில் வளைவில் நின்று மீண்டும் புறப்படும்போது, ஓட்டுநர் கிளட்சை அரைகுறையாக மிதித்தே வண்டியை நகர்த்த நேரும். கிளட்ச் தகடு தேய்ந்து கருகும். இறங்கும்போதும் உயர்ந்த விகிதம் துணை செய்கிறது. கீழ்க் கியரில் இறங்குகையில் இஞ்சினே வண்டியை மேலும் வலுவாகப் பிடித்து நிறுத்துவதால், பிரேக்குகள் சூடேறித் தளர்வது குறைகிறது.

மாற்றம் செய்வோர் மூன்றினை மறத்தலாகாது. முதலாவது, நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன்னச்சு, பின்னச்சு இரண்டையும் ஒரே விகிதத்திற்கு மாற்ற வேண்டும். இல்லையேல் அவை ஒன்றோடொன்று மல்லாடிப் பற்கள் முறியும். இரண்டாவது, தோற்றத்திற்காகப் பத்து விழுக்காடு பெரிய டயர் பூட்டினால், விகித மாற்றத்தால் பெற்ற பயன் முழுவதும் போய்விடும். மூன்றாவது, இழுவிசை கூடினாலும் பிரேக்கின் வலிமையோ, சட்டகத்தின் வலிமையோ, பதிவுச் சான்றில் கண்ட எடை வரம்போ உயர்வதில்லை. ஏற முடிகிறது என்பதற்காக ஆட்களையும் மூட்டைகளையும் மிகுதியாக ஏற்றுவது உயிருக்கே உலையாகும்.

டெல்லியிலோ பம்பாயிலோ பணிபுரிந்து, ஊரிலுள்ள தம்பிக்குப் பழைய ஜீப் ஒன்று வாங்கப் பணம் அனுப்பும் அன்பர்கள் ஒரு சோதனையைச் செய்து பார்க்கச் சொல்லலாம். சமதளத்தில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, அச்சின் கீழ் உறுதியான முட்டு வைத்துக்கொள்க. கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கையும் தளர்த்துக; பழைய ஜீப்புகளில் அது சுழல்தண்டையே பிடித்துக்கொள்ளும். தண்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, இரு சக்கரங்களையும் ஒருசேர ஒரு முழுச்சுற்றுச் சுழற்றுக. தண்டு ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழன்றால் விகிதம் 4.88, ஐந்தே காலைத் தாண்டினால் 5.38. மலைவழியில் மக்களை ஏற்றிச் செல்லப்போகும் வண்டியெனில், விலை பேசும் முன் இதனை அறிந்துகொள்வது நலம்.