83 அடி வானம்

அமெரிக்காவில் ஒருவருடைய வீட்டுக் கொல்லைக்கு மேலே யாருடையதோ ஒரு ட்ரோன் வந்து நிற்கிறது. எடை ஒரு கிலோகூட இருக்காது. அடிவயிற்றில் ஒரு கேமரா. எரிச்சலடைந்த வீட்டுக்காரர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டு வீழ்த்துகிறார். சட்டத்தின் கண்ணுக்கு அவர் சுட்டது ஒரு விமானம். நூற்றுக்கணக்கான பயணிகளோடு பறக்கும் போயிங்கைச் சேதப்படுத்துகிறவரைத் தண்டிக்க எழுதிய பிரிவு இதற்கும் பொருந்தும். அதிகபட்சத் தண்டனை 20 ஆண்டுச் சிறை.

காரணம், விமானம் என்பதற்கு அந்நாட்டுச் சட்டம் தரும் விளக்கம் அத்தனை அகலமானது. காற்றில் பறக்கவென்று உருவாக்கிய எந்தச் சாதனமும் அதற்குள் அடங்கிவிடும். 2011-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக வளாகத்தின் மேல் ஒருவர் நுரைப்பொருளாலான சிறு ட்ரோனைத் தாறுமாறாகப் பறக்கவிட்டதற்கு 10,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அது வெறும் மாதிரி விமானம்தானே என்ற வாதத்தை, தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014-இல் ஏற்கவில்லை. ஆளில்லாவிட்டாலும், அளவு சிறிதானாலும் விமானம் விமானமே என்றது. அந்த விளக்கம்தான் இன்று ட்ரோனுக்குக் கவசமாகவும் நிற்கிறது.

அப்படியானால் நிலத்துக்குச் சொந்தக்காரரின் உரிமை என்ன ஆயிற்று? நிலம் எவருடையதோ, அதற்கு மேலுள்ள வானமும் முடிவில்லாமல் அவருடையதே என்ற பழைய சட்டக் கோட்பாடு ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சட்ட உரையாசிரியர் அக்கர்சியஸின் பெயரால் வழங்கும் அந்தக் கோட்பாடு, மனிதன் பறக்காத காலம்வரை யாருக்கும் இடைஞ்சல் செய்யவில்லை. அதை உடைத்தவை கோழிகள்.

வட கரோலினாவில், கிரீன்ஸ்போரோ அருகே ஒரு விமான நிலையத்தை ஒட்டி காஸ்பி குடும்பத்தின் கோழிப்பண்ணை இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது ராணுவ விமானங்கள் அங்கே இறங்கத் தொடங்கின. பண்ணையைத் தாண்டும்போது அவற்றின் உயரம் தரையிலிருந்து 83 அடி. வீட்டுக் கூரையிலிருந்து வெறும் 67 அடி. இரைச்சலில் மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. ஒரே நாளில் ஆறு முதல் பத்துவரை, மொத்தத்தில் ஏறக்குறைய 150 கோழிகள். முட்டைத் தொழில் படுத்தது, குடும்பத்தின் தூக்கம் போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

1946-இல் வந்த தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. வானம் முழுவதும் நிலத்துக்காரருடையது என்றால் கண்டம் தாண்டும் ஒவ்வொரு விமானத்தின் மீதும் எண்ணற்ற அத்துமீறல் வழக்குகள் குவியும். ஆகவே பழைய கோட்பாடு நவீன உலகில் செல்லாது என்றது நீதிமன்றம். அதே மூச்சில், மரம் நடவும் வீடு கட்டவும் வேலி போடவும் நிலத்தை ஒட்டிய வான்பகுதி உரிமையாளரின் கையில் இருந்தாக வேண்டும் என்றும், 83 அடியில் ஓயாமல் பறப்பது அந்த நிலத்தைப் பறிப்பதற்குச் சமம் என்றும் சொன்னது. எத்தனை அடிவரை அவருடையது? அந்த எண்ணைத் தீர்ப்பு சொல்லவில்லை. ட்ரோன்கள் இன்று பறப்பது சரியாக அந்த எண் இல்லாத இடத்தில்தான்: பொதுவாக 400 அடிதான் அவற்றுக்கு உச்சவரம்பு.

சுடுவதைச் சட்டம் தடுப்பதற்கு இயற்பியலும் ஒரு காரணம் தருகிறது. நான்கு விசிறி கொண்ட ட்ரோனில் இரண்டு விசிறிகள் வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழலும். ஒன்றின் திருகுவிசையை மற்றொன்று ஈடுகட்டும். அதன் சிறு கணினி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் திருத்திக்கொண்டே இருக்கும். ஒரு விசிறி உடைந்தால் இந்தச் சமநிலை குலைந்து, சாதாரண ட்ரோன் பம்பரமாய்ச் சுழன்று விழுகிறது. 60 மீட்டரிலிருந்து விழும் பொருள், காற்றின் தடை இல்லையென்றால், தரையைத் தொடும்போது மணிக்கு 120 கி.மீ. வேகத்தைத் தாண்டியிருக்கும். தடை அதைக் குறைக்கும்தான். ஆனாலும் தலையில் விழுந்தால் தாங்காது. குறி தவறிய குண்டும் எங்கோ இறங்கியாக வேண்டும்.

சரி, சுடாமல் அதன் ரேடியோ தொடர்பை மட்டும் அறுத்தால்? இங்கேதான் விஷயம் இன்னும் சுவையாகிறது. பல ட்ரோன்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான் குடியிருக்கின்றன. இந்த நெரிசலில் இடறாமலிருக்க, ட்ரோனும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும் முன்பே பேசிவைத்த வரிசைப்படி நொடிக்குப் பல முறை அலைவரிசை மாற்றும் உத்தி உண்டு. அதிர்வெண் தாவல் என்று பெயர். எதிரி குறுக்கிட முடியாத டார்பிடோவை வழிநடத்த, ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலும் 1942-இல் காப்புரிமை பெற்றது இதே யோசனைக்குத்தான். அவர்கள் எண்ணியது 88 அலைவரிசைகள். பியானோவின் கட்டைகளும் 88.

தாவுகிறதை அடைக்க வேண்டுமென்றால் ஜாமர், அதாவது அலைத்தடைக் கருவி, முழுப் பட்டையையும் இரைச்சலால் நிரப்ப வேண்டும். ட்ரோனோடு தெருவின் வைஃபையும் அடங்கிப்போகும். அதற்குப் பிறகும் வெற்றி நிச்சயமில்லை. தொடர்பு அறுந்தால் புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும்படி பல ட்ரோன்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. வழிகாட்ட ஜிபிஎஸ் இருக்கிறது. அந்த ஜிபிஎஸ்ஸையும் கெடுக்கப் பார்ப்பவர் கை வைப்பது மிக மெல்லிய ஒரு நூலில். 20,200 கி.மீ. உயரத்தில் எரியும் ஒரு குண்டு பல்பின் ஒளியைத் தரையிலிருந்து தேடுவது போன்றதுதான் ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் குரலைக் கேட்பதும். சட்டைப்பை அளவுக் கருவியே அதை மூழ்கடித்துவிடும். முதலாளி தன் வண்டியைக் கண்காணிக்கக் கூடாதென்று ஓர் ஓட்டுநர் அப்படியொரு கருவியை மாட்டிக்கொண்டு நியூவார்க் விமான நிலையத்தின் அருகே போக, விமானங்கள் இறங்க உதவும் வழிகாட்டி அமைப்பில் அது குறுக்கிட்டது. 2013-இல் அவருக்குக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் முன்மொழிந்த அபராதம் 31,875 டாலர்.

இந்த ஓட்டுநரின் கதையைப் படித்த பிறகு, சுடுவதைவிட ஜாமர்தான் எனக்கு அதிகம் அச்சம் தருகிறது. குண்டின் பாதை ஒன்று. இரைச்சல் எல்லாப் பக்கமும் பரவுகிறது. அமெரிக்காவில் தனிமனிதர் ஜாமர் இயக்குவது குற்றம். அதை விற்பதும் குற்றம். ட்ரோன்களை இடைமறிக்க 2018-இல் ஒரு சட்டம் நீதித்துறைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் தனி அதிகாரம் தர வேண்டியிருந்தது என்பதிலிருந்தே தடையின் கடுமை புரியும்.

அப்படியென்றால் வீட்டுக்காரர் கைகட்டி நிற்க வேண்டியதுதானா? அவருக்காகவே வந்ததுபோல் ஒரு விதி இருக்கிறது. பதிவுசெய்ய வேண்டிய ட்ரோன்கள் பறக்கும்போது தம் அடையாள எண், இருக்குமிடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் நொடிக்கு ஒருமுறை ஒலிபரப்ப வேண்டும். வழக்கமான வகைகளில் இயக்குபவர் நிற்கும் இடமும் அதில் சேரும். 2024 மார்ச்சிலிருந்து இது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் கைபேசியில் ஒரு செயலி இருந்தால் போதும், இதைப் பிடித்துவிடலாம். எண்ணுக்குரியவரின் பெயர் செயலியில் தெரியாது. காவல்துறை கேட்டால் விமானப் போக்குவரத்து நிர்வாகம் தேடித் தரும்.

2015-இல் கென்டக்கி மாநிலத்தின் ஹில்வியூவில் இப்படியோர் ஒலிபரப்பு இல்லை. தன் வீட்டுக்கு மேல் வந்த ட்ரோனைச் சுட்டவர் அது தாழப் பறந்தது என்றார்; உரிமையாளர் தன் பறப்புப் பதிவைக் காட்டி 200 அடிக்கு மேல் என்றார். உள்ளூர் நீதிபதி சுட்டவர் மீதான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தார். ட்ரோன்காரர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய், இந்த வான்பகுதி யாருடையது என்று அறிவிக்கும்படி கேட்டார். இது எங்கள் வரம்புக்குள் வரும் வழக்கே அல்ல என்று 2017-இல் அந்த நீதிமன்றமும் கதவைச் சாத்திவிட்டது. ட்ரோன் இன்று தன் உயரத்தை நொடிதோறும் சொல்கிறது. நிலத்துக்காரரின் வானம் எத்தனை அடியில் முடிகிறது என்பதை மட்டும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை.