சிறுநீரகத்தைக் காத்த உப்புத் தண்ணீர்

1971-ஆம் ஆண்டு. கிழக்குப் பாகிஸ்தானில் சண்டை நடந்தது. அதுதான் இன்றைய பங்களாதேஷ். லட்சக்கணக்கான மக்கள் உயிர் தப்பி மேற்கு வங்கத்துக்குள் ஓடி வந்தார்கள். மழைக்காலம் வேறு. அகதி முகாம்களில் நல்ல தண்ணீர் கிடையாது. கக்கூஸ் வசதி கிடையாது. காலரா பரவியது.

எல்லை ஓரத்தில் போங்காவ் என்று ஓர் ஊர். ஜூன் மாதக் கடைசியில் கல்கத்தாவிலிருந்து டாக்டர் திலீப் மஹலனபிஸ் அங்கே போனார். காலரா நோயாளிகளுக்கு இருந்தவை இரண்டே அறைகள். கட்டில் நிறைந்து தரையிலும் ஆட்கள் கிடந்தார்கள். வாந்திக்கும் பேதிக்கும் நடுவே மண்டி போட்டுத்தான் அவர் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த சலைன் பாட்டில்களும் தீர்ந்துகொண்டே வந்தன.

காலராவில் மனிதர் எப்படிச் சாகிறார்? கிருமி குடலில்தான் இருக்கிறது. அது ஒரு விஷத்தைக் கக்குகிறது. அந்த விஷத்தால் குடல் தண்ணீரைக் கொட்டுகிறது. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை போய்விடும். தண்ணீரோடு உப்பும் போகிறது. ரத்தம் குறைந்து கெட்டியாகிறது.

இப்போது சிறுநீரகத்துக்கு வருவோம். நமக்கு இரண்டு சிறுநீரகங்கள். முதுகெலும்புக்கு இருபுறமும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு. ரத்தத்தை ஓயாமல் வடிகட்டுவது அவற்றின் வேலை. கழிவு சிறுநீராக வெளியேறுகிறது. ரத்தம் குறைந்தால் உடம்பு என்ன செய்யும்? மூளையையும் இதயத்தையும் முதலில் காப்பாற்றும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் வராத வயல் போல அது காய்கிறது. சிறுநீர் நின்றுபோகிறது. கழிவெல்லாம் உடம்பிலேயே தங்குகிறது. அப்படியே விட்டால், பேதி நின்ற பிறகும் ஆள் இறக்கலாம்.

இதைக் கல்கத்தா மருத்துவர்கள் வெகுநாளாகப் பார்த்து வந்தார்கள். 1900-களின் தொடக்கத்தில் லியோனார்டு ரோஜர்ஸ் அங்கே காலரா நோயாளிகளுக்கு உப்பு நீரை ரத்தத்தில் ஏற்றினார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் பேதியிலிருந்து பிழைத்த சிலர் சிறுநீர் வராமல் பின்னால் இறந்தார்கள். 1954-இல் சம்புநாத் டே என்ற வங்காள விஞ்ஞானி, தன் தோழர்களோடு, காலராவில் இறந்தவர்களின் சிறுநீரகம் எப்படிக் கெட்டிருக்கிறது என்று எழுதினார். காலராக் கிருமி விஷம் கக்குகிறது என்பதை 1959-இல் காட்டியவரும் அவரே. அவருக்குக் கிடைக்க வேண்டிய புகழ் அவர் காலத்தில் கிடைக்கவில்லை.

மறுபடியும் போங்காவுக்குப் போவோம். சலைன் இல்லை. மஹலனபிஸ் ஒரு முடிவு செய்தார். வாய் வழியே கொடுக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கல்கத்தாவில் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளிக்கு எடுத்துக் கொடுத்தவர்கள் யார்? தாயும், அண்ணனும், தங்கையும்தான்.

வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாதா? போதாது. குடல் வெறும் தண்ணீரைச் சரியாக வாங்காது. சர்க்கரை உப்பைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போகிறது. உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை.

அதற்கு முன் முகாம்களில் காலரா வந்த நூறு பேரில் சுமார் 30 பேர் இறந்தார்கள். கரைசல் கொடுத்த பிறகு 4 பேருக்கும் குறைவு.

நம் வீட்டில் பேதி வந்தால்? அரசு சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும். அது இல்லையென்றால், காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தலை தட்டி அளக்க வேண்டும். ருசி பாருங்கள். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிடுங்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, ஒவ்வொரு முறை போன பிறகும் கால் தம்ளர் முதல் அரைத் தம்ளர் வரை. பெரியவருக்கு ஒரு தம்ளர், கேட்டால் இன்னும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மீந்த கரைசலை மறுநாள் கொட்டிவிட வேண்டும்.

“தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்” என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். பேதி கொஞ்சம் கூடலாம், உண்மைதான். ஆனால் சிறுநீரகம் காயாது. உடம்பு வலிக்கிறது என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் தவறு. காய்ந்த சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும்.

நோயாளியைப் பார்க்க வருபவர்கள் “எத்தனை தடவை போச்சு?” என்று கேட்பார்கள். “மூத்திரம் போச்சா?” என்று கேட்பவர் குறைவு. அதையும் கேட்க வேண்டும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வரவில்லையா? கண் குழி விழுந்ததா? மயக்கமா? மலத்தில் ரத்தமா? உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நினைவு இருந்தால், வண்டியில் போகும்போதும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போகலாம்.