பசி தெரிந்த தாய் - பண்டித ரமாபாய்

மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் ரயில் புனேயைத் தாண்டி, டவுண்ட் சந்திப்பை அடைவதற்கு முன் கேட்காவ் என்ற சிறிய நிலையத்தைக் கடக்கிறது. ஊருக்குப் போகும் தமிழர் பலர் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள்.

பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்த ஒரு பெண், பஞ்சத்தில் வாடிய நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் அது. அவர்தான் பண்டித ரமாபாய்.

அடுத்தடுத்து இழப்பு

1858-ம் ஆண்டு, இன்றைய கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பிறந்தவர் ரமாபாய். தந்தை அனந்த சாஸ்திரி வடமொழிப் புலவர். பெண்கள் படிக்கக்கூடாது என்றிருந்த காலத்தில் தம் மனைவிக்கு வடமொழி கற்பித்தார். தாயிடம் மகள் கற்றார்.

குடும்பம் ஊர் ஊராகச் சென்று, புராணம் வாசித்துப் பிழைத்தது. பஞ்சம் வந்தது. தந்தை, தாய், அக்காள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர்.

மிஞ்சிய ரமாபாயும் அண்ணன் சீனிவாசனும் கால்நடையாகவே நாட்டைச் சுற்றி, 1878-ல் கல்கத்தா சேர்ந்தனர். அவருடைய புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள் பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களை அளித்தனர்.

1880-ல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு வங்காள வழக்கறிஞர் ஒருவரை ரமாபாய் மணந்தார். 1882-ல் காலரா கணவரையும் கொண்டுபோயிற்று. கைக்குழந்தை மனோரமாவுடன் 23 வயதில் விதவையானார்.

1883-ல் இங்கிலாந்து சென்று அங்கே கிறிஸ்தவரானார். அதனால் துன்பம் நின்றுவிடவில்லை. விதவைகளுக்காக 1889-ல் பம்பாயில் சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கி, மறு ஆண்டு புனேக்கு மாற்றினார். மதம் மாற்றுகிறார் என்று எதிர்ப்பு கிளம்பியது. 1893-ல் பலர் தங்கள் வீட்டுப் பெண்களை அழைத்துச் சென்றுவிட்டனர்.

யோபு கேட்ட கேள்வி

"கடவுள் நல்லவர் என்றால் எனக்கு ஏன் இப்படி?"

துன்பப்படுகிற எல்லாரும் கேட்கும் கேள்வி இது. வேதாகமத்தில் யோபுவும் கேட்டார். பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த அவரிடம், "நீ பாவம் செய்திருப்பாய்" என்றார்கள் நண்பர்கள். கடவுள் கடிந்துகொண்டது அந்த நண்பர்களைத்தான். யோபுவின் இழப்புக்கோ, காரணம் கடைசி வரை அவருக்குச் சொல்லப்படவில்லை.

சிலுவையில் தொங்கிய இயேசுவும் 'ஏன்' என்று கேட்டார். கேட்டவர், அதே சிலுவையில் தம்மைத் தந்தையின் கையில் ஒப்படைத்தார். ஆகவே, கேள்வி கேட்பது அவநம்பிக்கை ஆகாது. பதில் வராத நிலையிலும் கடவுளின் கையை விடாமல் இருப்பதே கிறிஸ்தவ விசுவாசம்.

கேட்காவில் எழுந்த வீடு

1896-97-ல் மத்திய மாகாணத்தில் கொடிய பஞ்சம். ரமாபாய் அங்கே போனார். எலும்பும் தோலுமாய்க் கிடந்த சிறுமிகளைப் பார்த்தபோது, தம் குடும்பம் பட்ட பாடு கண்முன் வந்தது. அவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். கேட்காவில் முக்தி இல்லம் எழுந்தது. 1900-ல் குஜராத் பஞ்சத்தில் தவித்த பெண்களும் வந்து சேர்ந்தனர். படிப்போடு நெசவு, தோட்டவேலை, அச்சுவேலை கற்றுக்கொடுக்கப்பட்டன.

பெற்றோர் பட்டினியில் செத்தது இதனால் நல்லதாகிவிடாது. ஆனால் பசி தெரிந்த ஒருவர் இருந்ததால் வேறு பலர் பிழைத்தார்கள்.

1921-ல், பணியில் வலதுகையாக இருந்த மகள் மனோரமாவும் இறந்தார். அப்போது ரமாபாய் வேதாகமத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை நிறுத்தவில்லை. 1922 ஏப்ரல் 5-ந் தேதி காலமானார்.

நமக்கும் உண்டு

சம்பளம் நின்றுபோன மாதம், ஊரில் தாய்க்கு நோய் என்று சேதி வந்தும் லீவு கிடைக்காத நாள் - வெளிமாநிலத்தில் பிழைக்க வந்தவர்களுக்கு இவை புதிதல்ல. அப்போது "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது யோபுவின் நண்பர்கள் செய்த வேலை.

பக்கத்து அறைக்காரர் பட்டினி என்று தெரிந்தால், காரணம் ஆராயாமல் ஒரு தட்டுச் சோறு கொண்டுபோய்க் கொடுங்கள். கடவுள் நல்லவர் என்பதை அவர் அன்றைக்கு நம்புவார்.