உங்களுக்குத் தெரியுமா? காம்பால் ஏறும் கிளெமேட்டிஸ்

இங்கிலாந்தின் வீட்டுச் சுவர்களை மூடிப் பூக்கும் கிளெமேட்டிஸ் கொடிக்குப் பாகற்கொடி போலச் சுருள்கம்பி கிடையாது. அவரை போலத் தண்டால் சுற்றி ஏறுவதும் இல்லை. இலைக்காம்புதான் அதற்குக் கை! மெல்லிய குச்சியில் உரசினால் போதும், காம்பு வளைந்து பிடித்துக்கொள்ளும். சார்லஸ் டார்வின் நூல் வளையங்களைக் காம்பில் தொங்கவிட்டுச் சோதித்து, ஏறுகொடிகள் பற்றி 1865-ல் வெளியிட்ட ஆய்வில் இதை எழுதினார். தடித்த தூணை மட்டும் நட்டு வைத்தால் பாவம், கொடி எதைப் பிடிக்கும்? தூணின்மேல் மெல்லிய கம்பியோ வலையோ கட்டிவிடுங்கள்.

ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று கண்ணைப் பறிப்பவை அல்லி இதழ்கள் அல்ல. வண்ணம் ஏறிய புல்லி இதழ்கள்.

சுவரை ஒட்டிக் குழி எடுக்காதீர்கள். சுவரடி மண்ணில் மழை சரியாக விழாது. 30 முதல் 45 செ.மீ. தள்ளி நட்டு, குச்சி சாய்த்துச் சுவரை நோக்கி ஏற்றிவிடலாம்.

மற்ற செடிகளைத் தொட்டி மண்மட்டத்துக்கே நடுவோம். பெரிய பூ வகைக் கிளெமேட்டிஸை மட்டும் 5 முதல் 8 செ.மீ. கூடுதல் ஆழத்தில் நட வேண்டும். காரணம், வாடல் நோய். மொட்டு விரியும் நேரத்தில், நேற்றுவரை செழித்திருந்த கொடி திடீரெனத் துவண்டு கறுத்துவிடும். பார்க்கவே மனம் பதறும். ஆனால் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்! பூஞ்சை தாக்கிய தண்டை, தேவையானால் மண்மட்டம் வரை வெட்டி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் விடுவதை நிறுத்தவேண்டாம். மண்ணுக்குள் புதைந்த கணுக்களிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். கூடுதல் ஆழம் அந்தக் கணுக்களுக்காகத்தான்.

வேர்ப்பகுதி ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். மக்கிய உரத்தை மூடாக்காகப் போடுங்கள், தண்டில் படாமல்.

கவாத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இமயமலையிலிருந்து 1831-ல் பிரிட்டனுக்குப் போன மொன்டானா வகை, சென்ற ஆண்டுத் தண்டில் வசந்தத்தில் பூக்கும். பிப்ரவரியில் அதை வெட்டினால் அந்த ஆண்டுப் பூவையே வெட்டியதாகும். பூத்து முடிந்தபின் லேசாகக் கத்தரித்தால் போதும். கோடையில் பூக்கும் ஜாக்மானி வகையோ நேர்மாறு. புதுத் தண்டில் பூப்பதால், குளிர்காலம் முடியும்போது தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. விட்டு, நல்ல மொட்டுக்கு மேலே தயங்காமல் வெட்டலாம். இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் ஜாக்மன் நாற்றுப்பண்ணை உருவாக்கிய இந்த ஊதா ரகம் முதலில் பூத்தது 1862-ல்.

வெட்டும்போது கையுறை அவசியம். சாறு பட்டால் தோல் எரியும்.

நம் நீலகிரியிலும் காட்டுக் கிளெமேட்டிஸ் உண்டு. அதில் ஒன்று வைட்டியானா. சென்னை மாகாணத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட்டின் பெயரைத் தாங்கியது.

மஞ்சள் மணிகளாகப் பூக்கும் டாங்குட்டிகா வகையில், வாடிய பூக்களைக் கிள்ளாமல் விட்டுவையுங்கள். விதைகளில் வெள்ளிப் பட்டுநூல் போல வால் முளைத்து, இலையுதிர்காலம் முழுக்கக் கொடியில் மினுங்கும்.