காரத்தில் கரையும் கல்

1776-இல் சுவீடன் நாட்டு மருந்தாளுநர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே ஒரு சிறுநீர்ப்பைக் கல்லை ஆராய்ந்தார். தண்ணீரில் அது லேசில் கரையவில்லை. காரக் கரைசலில் கரைந்தது. அந்தக் கரைசலில் அமிலம் சேர்த்ததும் மறுபடி படிந்தது. அவர் கண்டறிந்த அந்தப் பொருள்தான் இன்று நம் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'யூரிக் ஆசிட்' என்று ஒரு வரியாக வருகிறது.

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. யூரிக் அமிலக் கற்கள் சுமார் பத்தில் ஒன்று. உடல் எடை கூடியவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் இந்தப் பங்கு உயர்கிறது. அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. அதன்படி, 68 கிலோவுக்குக் குறைவான ஆண்களைவிட 100 கிலோவைத் தாண்டிய ஆண்களுக்குக் கல் வரும் வாய்ப்பு 44 சதவீதம் அதிகம். பெண்களில் இதே வித்தியாசம் ஏறக்குறைய 90 சதவீதம். உணவையும் குடிக்கும் நீரையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை.

ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறினால் அது சிறுநீரில் வழிந்து கல்லாகிறது என்றே பலரும் நினைக்கிறோம். இங்கே நடப்பது வேறு. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியே விடாமல் திரும்ப ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனால் ரத்தத்தில் அளவு கூடுகிறது. சிறுநீரில் யூரிக் அமிலம் மிகையாக இல்லாதபோதும் கல் விழுகிறது!

விடை சிறுநீரின் அமிலத்தன்மையில் இருக்கிறது. உடலில் தினமும் சேரும் அமிலத்தை வெளியேற்ற, சிறுநீரகச் செல்கள் அம்மோனியாவைத் தயாரிக்கின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகளை அம்மோனியா பிடித்து அடக்கிக்கொள்ளும். இந்தத் தயாரிப்புக்கு இன்சுலினின் தூண்டுதல் வேண்டும். உடல் பருத்து, இன்சுலினுக்குச் செல்கள் செவிசாய்க்காமல் போனால் அம்மோனியா குறையும். பிடிக்க ஆளில்லாத அயனிகளால் சிறுநீரின் அமிலத்தன்மை கூடும்; அதாவது அதன் பி.எச். அளவு 5.5-க்கும் கீழே இறங்கும். டாலஸ், சிகாகோ நகரங்களில் ஆயிரக்கணக்கான கல் நோயாளிகளின் சிறுநீரைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: எடை ஏற ஏற பி.எச். இறங்குகிறது.

அந்தச் சின்ன இறக்கம் என்ன செய்யும் என்பதுதான் வியப்பு. ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 600 மில்லிகிராம் யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் கழிக்கிறார். பி.எச். 5 உள்ள ஒரு லிட்டர் சிறுநீரில் ஏறத்தாழ 150 மில்லிகிராம்தான் கரைந்து நிற்கும். பி.எச். 6.5 ஆனால் அதைப்போல் சுமார் பத்து மடங்கு கரையும். அதே ஆள், அதே யூரிக் அமிலம். ஒன்றரைப் புள்ளி மாறினால் கல்லுக்கு இடமே இல்லை.

எனவே ரத்தச் சீட்டில் யூரிக் ஆசிட் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, கல் வரும், வராது என்று முடிவு கட்டக் கூடாது. அந்த எண் உயர்ந்தும் கல்லே வராதவர்கள் உண்டு. சரியாக இருந்தும் கல் வந்தவர்கள் உண்டு. சிறுநீரின் பி.எச். அளவையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஷீலே தன் மேசையில் கண்டதைத்தான் இன்று மருத்துவர்கள் நோயாளியின் உடலுக்குள்ளேயே செய்கிறார்கள். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் பி.எச். அளவை 6-க்கும் 7-க்கும் இடையில் வைத்திருந்தால், பல யூரிக் அமிலக் கற்கள் கத்தியின்றிக் கரைந்துவிடுகின்றன. கால்சியம் ஆக்சலேட் கல் அப்படிக் கரையாது. இந்த மருந்தைத் தாமாக வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து: சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஏறிவிடும், பி.எச். 7-ஐத் தாண்டினால் கால்சியம் பாஸ்பேட் கல் படிய வழி உண்டு. எடையைக் குறைக்கிறேன் என்று மாவுச்சத்தை அறவே விட்டு இறைச்சியை மட்டும் நம்புவதும் சிறுநீரை இன்னும் அமிலமாக்கும். நிதானமாகக் குறைப்பதே நல்லது. கூடவே, இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் பிரியும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

கல் வெளியே வந்துவிட்டதென்றால் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். ஒரு சுத்தமான டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொடுத்து, எந்தக் கல் என்று சோதிக்கச் சொல்லுங்கள். அடுத்த கல்லைத் தடுக்கும் வழி அந்தக் கல்லின் வகையைப் பொறுத்தது.