தலைசுற்றலா? பித்தம் என்று இருந்துவிடாதீர்கள்!

உங்கள் வீட்டில் உம்மாவோ வாப்பாவோ திடீரென்று, "எல்லாம் சுழல்கிறதே!" என்று சுவரைப் பற்றிக்கொண்டு அமர்ந்ததைக் கண்டிருக்கிறீர்களா? வாந்தியும், ஒரு காதில் இரைச்சலும், அடைத்தாற்போன்ற உணர்வும் சேர்ந்து வந்தனவா? பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுத்துப் படுக்கவைத்துவிடாதீர்கள். அது மெனியர் நோயாகவும் இருக்கலாம்.

இத்தகைய தலைசுற்றலுக்கு உட்செவியே காரணமாகக்கூடும் என்று 1861இல் எடுத்துரைத்தவர் பாரிஸ் மருத்துவர் புராஸ்பர் மெனியர். உட்செவியில் மெல்லிய சவ்வுக் குழாய் ஒன்று உண்டு. அதனுள்ளே ஒரு திரவம். வெளியே மற்றொரு திரவம். உள்திரவம் பெருகிச் சவ்வு புடைப்பதே இந்நோயில் காணப்படும் மாற்றமாகும். 1938இல் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் இதைக் கண்டறிந்தனர். ஆனால், இறந்தோரின் செவி எலும்பை ஆராய்ந்தே கண்டனர். உயிரோடிருப்பவரிடம் அதைக் காண வழியில்லை.

அவ்வழி 2007இல் பிறந்தது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக மருத்துவர்கள், கடோலினியம் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைச் செவிப்பறை வழியே செலுத்தி, ஒரு நாள் கழித்து எம்.ஆர்.ஐ. படம் எடுத்தனர். அம்மருந்து வெளித்திரவத்தில் கலக்கும், உள்திரவத்தில் கலப்பதில்லை. எனவே படத்தில் வெளித்திரவம் வெண்மையாகவும், உள்திரவம் கருமையாகவும் தெரியும். கருமை விரிந்திருந்தால் சவ்வு புடைத்திருக்கிறது என்று பொருள். 2010 வாக்கில், கையின் இரத்தக் குழாயில் மருந்தைச் செலுத்தி, 4 மணி நேரம் காத்திருந்து படமெடுக்கும் எளிய முறையும் வந்தது.

எல்லோருக்கும் இப்படம் தேவையா? இல்லை. நோயின் அறிகுறிகளும் செவித்திறன் சோதனையுமே முதன்மையானவை. நலமாக உள்ள சிலரின் செவியிலும் புடைப்பு தெரிவதுண்டு. ஆதலால் படத்தை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது. செவி நரம்பில் கட்டி ஏதும் உள்ளதா என்று அறியவும் கான்ட்ராஸ்ட் படம் உதவும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கருவுற்ற தாய்மார்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே கூறிவிட வேண்டும்.

தலைசுற்றல் வந்த நாள், நீடித்த நேரம், இரைந்த காது ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு காது மருத்துவரிடம் செல்லுங்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல இந்நோய் கேட்கும் திறனை நிலையாகவே குறைத்துவிடக்கூடும். பெற்றோரின் தலைசுற்றலை முதுமையின் இயல்பென்று ஒதுக்காமல், இன்றே கேட்டறியுங்கள்.